பதினொரு காலைகள்

ரூடி ப்ரெபிச் தன் பிக்கப் வண்டியின் இஞ்சினை அணைத்துவிடுகிறான் என்பதுதான் என் தம்பிக்கு முதலில் உறுத்தியது.

"செத்த பேட்டரிக்குக் கேபிள் குடுக்க வர்றவன் எதுக்கு அண்ணே இஞ்சினை அணைக்கணும்?" என்றான் ரெய்னோ. "ஓடுற வண்டிலேர்ந்து கரண்ட் எடுத்தா ஒரு நிமிஷத்துல வேலை முடிஞ்சிரும். இவன் அணைச்சுப்போட்டு பத்து நிமிஷம் நிக்கிறான். ஒரு சத்தமும் இல்ல. அந்தப் பத்து நிமிஷமும் அவனும் ஐலியும் என்ன பேசுவாங்க?"

ரெய்னோ தன் வீட்டுச் சமையலறையில், ஜன்னலுக்குப் பக்கத்து நாற்காலியில் கம்பளிப் போர்வையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். அந்த நாற்காலியை முன்பு அடுப்போரம்தான் போட்டிருப்பான். இப்போது மோட்டார் பைக் நிற்கிற கொட்டகை தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டிருந்தான்.

எங்கள் லொகேஷனில் இருபத்தாறு வீடுகள். சுரங்கக் கம்பெனிக்காரர்கள் தங்கள் ஆட்களுக்காகக் கட்டிய வரிசை; எல்லா வீடும் ஒரே அளவு, ஒரே கூரை. பிழைக்க வந்த பின்லாந்துக்காரர் பாதி, ஸ்லோவேனியர் பாதி. நடுவில் ரோடு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள் கோர்பி குடும்பம்: முதல் வீடு என்னுடையது, அடுத்தது தம்பியுடையது. எதிர்ப் பக்கம் ரூடி. மனைவி இறந்து நான்கு வருடமாகிறது. அவன் ஒருவன்தான் லொகேஷனில் கராஜுக்குள் விறகடுப்பு வைத்துச் சூடேற்றி வைத்திருந்தான். எங்கள் ஜன்னல்களில் பனி பூத்து வெளியே எதுவும் தெரியாத காலையிலும் அவன் கராஜ் ஜன்னல் கண்ணாடி துடைத்த மாதிரி இருக்கும். எனக்கு அது பிடிக்காது. ஒரு மனிதன் தன் வண்டியை அவ்வளவு சுகமாக வைத்திருப்பது ஏதோ மற்றவர்களுக்குக் காட்டுவதற்காக என்றுதான் எனக்குப் படும்.

அந்த வருடம் சுரங்கம் மூடிக் கிடந்தது. ரெய்னோவுக்கு அதற்கு முன்பே முதுகு போய்விட்டது. கீழே ஒரு பாறைச் சரிவில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஏதோ நசுங்கிவிட்டது. காரை விற்றார்கள். மிஞ்சியது நல்ல காலத்தில் அவன் வாங்கிய மோட்டார் பைக். வாங்கியபோது பெருமையாக லொகேஷன் முழுக்கச் சொன்னான்: இதுக்கு உதைக்கிற கம்பியே கிடையாது, பொத்தானை அமுக்கினால் போதும். அந்தப் பொத்தான்தான் பின்னால் இவ்வளவுக்கும் காரணமாயிற்று.

அந்த பைக்கில்தான் ரெய்னோவின் மனைவி ஐலி வேலைக்குப் போனாள். ஒன்பது மைல் தள்ளி முதியோர் இல்லத்துச் சமையலறை. காலை ஆறு மணிக்கு அவள் கையால் மாவு பிசைந்தால்தான் அங்கே எழுபது பேருக்கு ரொட்டி. நாற்பத்தாறு வயதில், கணவனின் சுரங்கக் கோட்டை மேலே போட்டு, இரண்டு ஜோடி கையுறையோடு அவள் போவதை ஆரம்பத்தில் நான் விரும்பவில்லை. எங்கள் குடும்பத்துப் பெண்கள் அப்படிப் போனதில்லை. ஆனால் அந்த வீட்டில் வெந்த உருளைக்கிழங்கு அவள் சம்பளத்தில் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அக்டோபர் கடைசியில் குளிர் இறங்கியது. முற்றத்து வாளியில் இரண்டு விரல் கனத்துக்கு ஐஸ். ஒரு காலையில் ஐலி பொத்தானை அமுக்க, பைக் ஒரு கிழவனைப் போல ஒரே ஒரு முறை முனகிவிட்டு அடங்கியது. அன்று அவள் நாற்பது நிமிடம் தாமதம். மறுவாரம் இன்னொரு நாள் தாமதம். இல்லத்து மேற்பார்வைக்காரி நல்ல மாதிரிதான். ஆனாலும் சொல்லிவிட்டாள்: மூன்றாம் தடவை பிந்தினால் காலை வேலை வேறொருத்திக்கு, வேண்டுமானால் மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது, வசந்தம் வரைக்கும் அங்கேயே தங்கிக்கொள்ளலாம்.

இதைக் கேட்ட நாளிலிருந்து ரெய்னோவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வாரத்திலிருந்துதான் ரூடி தன் கேபிளோடு வர ஆரம்பித்தான். காலை ஐந்தேகாலுக்கு ரோட்டைத் தாண்டி, பிக்கப்பைக் கொட்டகை வாசல் வரை கொண்டுவந்து, இஞ்சினை அணைத்துவிட்டு, ஐலி பக்கத்தில் நிற்பான்.

"தினமுமா?" என்றேன்.

"சனி ஞாயிறு தவிர தினமும். வியாழக்கிழமை அவ சிரிச்சா. கேட்டுச்சு."

"எதுக்குச் சிரிச்சா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் தூங்காம கெடக்கேன்?"

வெளியே இருந்து விறகோடு உள்ளே வந்தாள் ஐலி. விறகை அடுப்பருகே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்ன மூத்தவரே, அண்ணனும் தம்பியும் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க? யாராச்சும் செத்துட்டாங்களா?"

"உன் வண்டியப் பத்திதான் பேசிட்டிருந்தோம்."

"என் வண்டியா? ரெய்னோ வண்டின்னு சொல்லுங்க. ஓடுற வரைக்கும் அவன் வண்டி. ஓடாதப்போதான் என் வண்டி."

ரெய்னோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "ரூடி வண்டின்னு சொல்லிட்டாப் போச்சு" என்றான்.

ஐலி கையைத் துடைத்தாள். "காப்பி குடிப்பீங்களா?" என்று என்னிடம் மட்டும் கேட்டாள்.

அடுப்பின் மேல்தட்டில் ஏலக்காய் போட்ட பின்னல் ரொட்டி இரண்டு ஆறிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை சவுனாவில் ஆவிக் குளியல் முடித்துவிட்டுக் காப்பியோடு சாப்பிடுவதற்கு எங்கள் வீடுகளில் எப்போதும் ஒன்றுதான் சுடுவார்கள். இன்னொன்று யாருக்கு என்று நான் கேட்கவில்லை. துணியில் சுற்றி வைத்திருந்த விதத்திலேயே தெரிந்தது, அது ரோட்டைத் தாண்டப் போகிறது. என் மனைவி போன பிறகு எனக்கென்று தனியாக யாரும் பின்னல் ரொட்டி சுட்டதில்லை.

சனிக்கிழமை காலை பைக்கின் பேட்டரியைக் கழற்றி ஒரு வாளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு கூட்டுறவுக் கடைக்கு நடந்தேன். அரை மைல். கண்ணில் புரை விழுந்த பின் வண்டி ஓட்டும் உரிமத்தை நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எழுபத்தொரு வயதில் வாளி கனத்தது. வழியில் யாரும் கைகொடுக்க வந்துவிடக் கூடாதே என்று வேகமாக நடந்தேன்.

கடையின் பின்பக்கத்தில் உதிரி பாகங்கள். முன்பக்கத்தில் காப்பிக் கவுண்டர். வேலையில்லாத ஆண்கள் எட்டுப் பேர் எப்போதும் அங்கே இருப்பார்கள். கடைக்காரன் எல்மர் பேட்டரி மூடிகளைத் திறந்து, கண்ணாடிக் குழாயால் உள்ளே இருந்த அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தான். குழாய்க்குள் மிதக்க வேண்டிய மிதவை அடியிலேயே உட்கார்ந்திருந்தது.

"ஆர்மாஸ், இது நான் செப்டம்பர்ல ஐலிக்குக் குடுத்த பேட்டரி. ரெண்டு மாசம்கூட ஆகல."

"குளிர்தான் காரணம்னு சொல்றாங்க."

"குளிர் பாதி பலத்தைத்தான் பிடுங்கும். இந்த மாதிரி சொட்டு விடாம உறிஞ்சாது. தினமும் இது காலியாகுது. ஏதோ ஒண்ணு ராத்திரி முழுக்க இதைக் குடிக்குது. இன்னும் நாலு தடவை இப்படி ஆச்சுன்னா உள்ள தகடு செத்துரும். காலியான பேட்டரி ஐஸாவே உறைஞ்சு வெடிச்சாலும் வெடிக்கும்."

"ஏதோ ஒண்ணா, யாரோ ஒருத்தனா?"

எல்மர் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அது எனக்கெப்படித் தெரியும்? வயர் எங்கயாவது உரசுதான்னு பாருங்க."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அப்போது அப்படித்தான் நினைத்தேன். தினமும் காலையில் பேட்டரி செத்தால்தான் தினமும் காலையில் ரூடிக்கு வேலை. ரோட்டைத் தாண்டினால் எங்கள் கொட்டகை. ஒரு வயரைத் தொட்டுவிட்டுப் போக எவ்வளவு நேரமாகும்?

பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு முன்னால் வந்தால், ரூடி கவுண்டரில் உட்கார்ந்து சர்க்கரைக் கட்டியைக் காப்பியில் தோய்த்துக்கொண்டிருந்தான். நான் உட்காரவில்லை.

"ப்ரெபிச்."

"வாங்க பெரியவரே. உக்காருங்க. வாளியத் தூக்கிட்டு நடந்தே வந்தீங்களாம், சொல்லியிருந்தா நான் வண்டில—"

"உன் வண்டில ஏத்திக்கிறதுக்குத்தான் எங்க வீட்டுல ஆள் இருக்கே."

சுற்றி இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"என்ன சொல்றீங்க?"

"தினமும் காலைல இஞ்சினை அணைச்சுட்டுப் பத்து நிமிஷம் எங்க வீட்டு வாசல்ல நிக்கிறியே, அதைச் சொல்றேன்."

ரூடியின் முகம் சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை. "இந்தப் பெரிய வண்டி ஓடும்போது குடுத்தா, அந்தச் சின்னப் பேட்டரி வெந்துரும். அணைச்சுட்டுத்தான் மாட்டணும். கொஞ்ச நேரம் ஊற விடணும். எல்மரைக் கேளுங்க."

பின்னாலிருந்து எல்மர், "அது சரிதான், ஆர்மாஸ்" என்றான்.

"விளக்கமெல்லாம் நல்லாத்தான் வெச்சிருக்கே. புதுப் பேட்டரி தினமும் ஏன் சாகுது? அதுக்கும் விளக்கம் இருக்கா?"

ரூடி வாயைத் திறந்தான். பிறகு என்ன நினைத்தானோ, மூடிக்கொண்டான். அதைக் குற்றம் செய்தவனின் மௌனம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"பதில் இல்ல பாத்தியா! என் தம்பிக்கு முதுகுதான் ஒடிஞ்சிருக்கு, கண்ணு நல்லாத் தெரியும். கோர்பி வீட்டு வேலைக்கு கோர்பி வீட்டு ஆளே போதும். எங்கப்பா காலத்துலேர்ந்து எங்க விறகை அடுத்தவன் அடுக்கினதில்ல. திருடனா வர்றவனும் சரி, உதவிக்குன்னு வர்றவனும் சரி, இனி எங்க வாசல் பக்கம் வர வேண்டாம்."

"சரி" என்றான் ரூடி. சர்க்கரைக் கட்டி அவன் காப்பிக்குள் கரைந்து விழுந்துவிட்டது. "கேபிளை வேணா குடுத்தனுப்பட்டுமா?"

"வேண்டாம்."

சாயங்காலம் நிறைந்த பேட்டரியைக் கொண்டுவந்து நானே திருகாணி இறுக்கி மாட்டினேன். பொத்தானை அமுக்கினதும் இஞ்சின் சட்டென்று பிடித்தது. ரெய்னோ பக்கத்தில் நின்று பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. கடையில் நடந்ததை அவனிடம் சொன்னேன். "ரூடி என்ன சொன்னான்?" என்று மூன்று தடவை கேட்டான். அவன் ஒன்றும் சொல்லவில்லை என்றதும் தலையைக் குனிந்துகொண்டான்.

சவுனா மூட்டினோம். முதலில் ஆண்கள், பிறகு ஐலி. கல் மேல் தண்ணீரை ஊற்றி, ஆவி முகத்தில் அறைய உட்கார்ந்திருந்தோம். குளித்துக் காப்பி குடித்துவிட்டு, வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பி, நேரே விறகுக் கொட்டிலுக்குள் போய் நின்றேன். மணி ஏழுதான், ஆனால் நவம்பரில் எங்கள் பக்கம் ஐந்துக்கே இருட்டிவிடும். ரூடி வருவான் என்று எனக்கு உறுதி. பொது இடத்தில் அவமானப்பட்டவன் அன்றைக்கே ஏதாவது செய்வான். கையில் ஒரு பிர்ச் விறகுக் கட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

எதிர்ப் பக்கம் ரூடியின் கராஜில் விளக்கு எரிந்தது. அவன் உள்ளே நடமாடுகிற நிழல் தெரிந்தது. வெளியே வரவில்லை.

தம்பி வீட்டுக் கதவுதான் திறந்தது.

ரெய்னோ ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். தலையிலிருந்து இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் போனான். 'கிளிக்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு 'கிளிக்'. கொட்டகையின் பின்பலகை சிவப்பாயிற்று.

என் கண்ணில்தான் கோளாறோ என்று நினைத்தேன். கிட்டப் போனேன். பைக்கின் பின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வண்டியின் சாவியை நிறுத்துகிற இடத்துக்கும் அப்பால் இன்னொரு திருப்பு திருப்பலாம். இருட்டில் ரோட்டோரம் நிறுத்துகிறவர்களுக்காக, பின்விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். சாவியையும் உருவிக்கொண்டு போய்விடலாம். ரெய்னோ உருவிக் கையில் வைத்திருந்தான்.

"டேய்" என்றேன்.

அவன் திடுக்கிடவில்லை. "அண்ணே, நீங்க இன்னும் வீட்டுக்குப் போகலையா?"

"திருடனைப் பிடிக்க நின்னேன்."

"கட்டையோடயா?"

கட்டையைக் கீழே போட்டேன். "எத்தனை நாளா?"

"இதோட பதினொண்ணு, பன்னண்டு இருக்கும்."

"பைத்தியமாடா உனக்கு? அவ வேலை போயிரும். இல்லன்னா அங்க மாடியிலேயே தங்கிருவா. அதுக்கா இந்தப் பாடு?"

சிவப்பு வெளிச்சத்தில் அவன் முகம் சின்னப்பிள்ளை முகம் மாதிரி இருந்தது.

"போன வருஷம் பழைய பேட்டரி அண்ணே. பொத்தான் வேலை செய்யாது. நான்தான் தினமும் தள்ளுவேன். சரிவு முடியிற எடத்துல அவ கிளட்சை விடுவா, டபக்குனு பிடிச்சுக்கும். பிடிச்சதும் கையத் தூக்கிக் காட்டுவா. திரும்பிப் பாக்க மாட்டா, கைய மட்டும் தூக்குவா. நான் வீட்டுக்குள்ள வந்து காப்பி போட்டுக் குடிப்பேன். அவ்வளவுதான். நாள் முழுக்க எனக்கு அதான் வேலை." இருமினான். "அப்புறம் புதுப் பேட்டரி வாங்கிட்டா. நான் முழிக்கிறதுக்குள்ள போயிர்றா. முதல் ரெண்டு தடவை குளிர்ல அதுவாத்தான் படுத்துச்சு, அப்புறம் ஒரே ஒரு நாள் தள்ளலாம்னுதான் சாவியைத் திருப்பி விட்டேன்."

"அவ உன்னைக் கூப்பிடல."

"முதுகு புடிச்சுக்கும், நீ எந்திரிக்காதேன்னா. நேரா ரூடி வீட்டுக் கதவைத் தட்டிட்டா."

"அதோட விட வேண்டியதுதானே?"

"மறுநாளாச்சும் என்னைக் கூப்பிடுறாளா பாப்போம்னு நினைச்சேன். அதுக்கு மறுநாளும் நினைச்சேன். அப்புறம் பாக்காம இருக்க முடியல அண்ணே. இன்னைக்கும் அவனைத்தான் கூப்பிடுறாளா, அவன் எத்தனை நிமிஷம் நிக்கிறான்... பாக்காம இருக்கவே முடியல."

"சாவியக் குடு" என்றது ஒரு குரல்.

ஐலி வாசலில் நின்றாள். சவுனாவிலிருந்து நேராக வந்திருக்கிறாள். ஈரத் தலையில் துண்டு, காலில் ரெய்னோவின் பூட்ஸ். அவன் கையிலிருந்து சாவியை வாங்கி, துளையில் போட்டுத் திருப்பினாள். இருட்டாயிற்று.

"பாத்திரம் கழுவுற ஜன்னல்லேர்ந்து இந்தச் சிவப்பு தெரியும்" என்றாள். "மூணாவது நாளே பாத்துட்டேன்."

"அப்ப ஏன் வந்து அணைக்கல?" என்றேன்.

"நானா பத்த வெச்சேன், நான் அணைக்கிறதுக்கு? பத்த வெச்சவன் தூங்கப் போறதுக்குள்ள வந்து அணைப்பான்னு ஒவ்வொரு நாளும் ஜன்னல்ல நின்னு பாத்தேன். நீயும் ஒரு ஜன்னல்ல நின்னே, நானும் ஒரு ஜன்னல்ல நின்னேன். நல்ல குடித்தனம்."

"ஐலி..." என்றான் ரெய்னோ.

"பேசாதே. மூத்தவரே, கடையில என்ன பேசினீங்கன்னு எல்மர் பொண்டாட்டி போன் பண்ணிச் சொல்லிட்டா. எட்டுப் பேர் முன்னால. என்னையும் சேத்துத்தானே பேசினீங்க?"

"குடும்ப மானத்துக்காகத்தான்..."

"என் மானம் அதுல எந்தப் பக்கம்?"

நான் கீழே கிடந்த கட்டையைக் காலால் ஒதுக்கினேன்.

"இந்த வண்டி இனிமே இந்தக் கொட்டகைல நிக்காது. ரூடி கராஜில சூட்டுல நிக்கும். காலைல நான் நடந்து போய் எடுத்துக்குவேன். நீங்கதான் அவன்கிட்ட எடம் கேக்கணும். எங்க வெச்சுப் பேசினீங்களோ அங்க வெச்சு, அதே ஆளுங்க முன்னால கேக்கணும். திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அது நடக்கலன்னா நான் மாடி ரூமுக்குப் பொட்டி கட்டிர்றேன். ரெண்டு பேரும் ஜன்னல்ல நின்னு நல்லாப் பாருங்க."

ஞாயிறு முழுவதும் என் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் அப்பா கையேந்தாமல் வாழ்ந்தவர். ஸ்லோவேனியனிடம், அதுவும் நான் திருடன் என்று சொன்னவனிடம், எங்கள் வண்டிக்கு ஒண்ட இடம் கேட்பதைவிட அந்த வாளியோடு பத்து மைல் நடக்கலாம் என்று தோன்றியது. அவள் போனால் போகட்டும் என்றுகூட ஒரு நேரம் நினைத்தேன். பிறகு அந்தச் சமையலறையில் ரெய்னோ தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதை நினைத்தேன்.

திங்கட்கிழமை ஐலி சரியான நேரத்துக்குப் புறப்பட்டுப் போனாள். பொத்தானை அமுக்கியதும் இஞ்சின் பிடித்தது. பத்து மணிக்கு நான் கடைக்குப் போனேன். அதே எட்டுப் பேர். ரூடி அதே இடத்தில். நான் உள்ளே வந்ததும் அவனுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் கொஞ்சம் விலகி உட்கார்ந்தார்கள்.

"ரூடி" என்றேன்.

"சொல்லுங்க பெரியவரே."

"எங்க வண்டிக்கு உன் கராஜில ஒரு இடம் வேணும். குளிர் விடுற வரைக்கும்."

யாரோ கரண்டியைக் கீழே வைத்தார்கள். ஏன், எதற்கு, சனிக்கிழமை என்ன சொன்னாய், இன்றைக்கு என்ன சொல்கிறாய் என்று அவன் கேட்டிருக்கலாம். யாராயிருந்தாலும் கேட்டிருப்பார்கள். நானாயிருந்தால் கேட்காமல் விட்டிருக்க மாட்டேன். அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, மற்றவர்களுக்குச் சாதாரணப் பேச்சாகத் தோன்றும்படி ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"சாவி யார்கிட்ட இருக்கும்?"

"ஐலிகிட்ட."

"அப்பக் கொண்டாங்க. அடுப்புப் பக்கமா ஒதுக்கி வைக்கிறேன்."

பதினொரு காலைகள் அவன் அந்த வண்டி முன் குனிந்து கேபிளை மாட்டியிருக்கிறான். சிவப்பு மங்கிக் கிடந்த பின்விளக்கும் அவன் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது. சனிக்கிழமை இதே கவுண்டரில் அவன் வாயைத் திறந்து மூடியது நினைவு வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கோர்பி வீட்டுக் கதை அன்றைக்கே லொகேஷன் முழுக்க நாறியிருக்கும். அதற்குப் பதில் அவன் சர்க்கரை கரைந்துபோன காப்பியைக் குடித்தான். எங்கள் குடும்ப மானத்தை என்னைவிட அவன் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டான் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவனுடைய கராஜையும் பிக்கப்பையும் கண்டு நான் எரிந்ததெல்லாம் இந்த எரிச்சலோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

"சனிக்கிழமை நான் சொன்னது தப்பு" என்றேன். எட்டுப் பேருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

"காப்பி ஆறுது, உக்காருங்க" என்றான் ரூடி. எல்மர் எனக்கும் ஒரு கோப்பை வைத்தான்.

அன்று சாயங்காலம் ரெய்னோவும் நானும் பைக்கை ரோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனோம். பின்பக்கம் நான் கைகொடுக்க, ஹாண்டில்பாரை அவன் என்னைத் தொடவே விடவில்லை. கராஜ் வாசல் வரைக்கும் வந்ததும் விட்டுவிட்டு நின்றுகொண்டான். உள்ளே கொண்டுபோய் நிறுத்தியது நான்தான்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஜன்னல் பனியை நகத்தால் சுரண்டிவிட்டுப் பார்த்தேன். ரோட்டைக் கடந்து இரண்டு உருவங்கள் போயின. முன்னால் ஐலி. நாலடி பின்னால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரெய்னோ. கராஜ் கதவு திறந்து மஞ்சள் வெளிச்சம் ரோடு வரைக்கும் விழுந்தது. அவள் உள்ளே போனாள். இஞ்சின் ஒரே அமுக்கலில் பிடித்தது. அவள் வெளியே வந்து, ரெய்னோவைத் தாண்டி, பெரிய ரோட்டுப் பக்கம் திரும்பிப் போய்விட்டாள். கையைத் தூக்கினாளா என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை.

ரூடி கதவைப் பிடித்தபடி நின்றான். உள்ளே வரச் சொல்லித் தலையசைத்தான் போலிருந்தது. ரெய்னோ அசையவில்லை. திரும்பியும் போகவில்லை. அவ்வளவு குளிரில், உள்ளேயிருந்த சூடெல்லாம் வெள்ளைப் புகையாக வெளியே போய்க்கொண்டிருக்க, கதவை மூடாமல் ஒருவனும் வாசலைத் தாண்டாமல் ஒருவனும் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்கள்.